க்ஷயரோகமும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு மனிதனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை, மாலையானால் காய்ச்சல் காண்கிறது, உடம்பு நாளுக்கு நாள் இளைக்கிறது என்றால், அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலில் பேசுகிறவர் வைத்தியர் அல்ல. ஜோசியர் வந்து "சனி பார்க்கிறான்" என்கிறார். பூசாரி வந்து "குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லை" என்கிறார். பங்காளி வந்து "அவன் அப்பனும் இப்படித்தான் இருமிச் செத்தான், வம்சத்தில் உள்ளது" என்கிறார். கொஞ்சம் படித்த பெரிய மனிதர் வந்தாலோ, "எல்லாம் பூர்வ ஜென்ம கர்ம பலன், யார் என்ன செய்ய முடியும்?" என்று வேதாந்தம் பேசிவிட்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, எட்டி நின்றபடியே போய்விடுகிறார். கர்மத்தினால் வந்த வியாதி என்று உண்மையிலேயே இவர் நம்புகிறாரானால் மூக்கைப் பொத்துவானேன் என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனுடைய கர்மம் காற்றில் பறந்து வந்து இவர் மூக்கில் நுழைந்துவிடுமா? வாய் கர்மம் என்கிறது, கை துண்டைத் தேடுகிறது. ஆகவே இந்தப் பேச்சு அவருக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு என்பதும், பிறருக்கு உபதேசிப்பதற்காகவே வைத்திருக்கும் பேச்சு என்பதும் விளங்கவில்லையா?

1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்பவர், இந்த நோய்க்குக் காரணம் இன்ன கிருமிதான் என்று பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து எல்லோருக்கும் காட்டினார். அன்றோடு சனியும் வம்சமும் கர்மமும் இந்த வழக்கிலிருந்து தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் 140 வருஷங்களுக்கு மேலாகியும் நம்மவர்களிடையே அவை வாய்தா வாங்கிக்கொண்டேயிருக்கின்றன. இது ஏன்? கர்மம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. சோறு போடாத முதலாளிக்குப் பொறுப்பில்லை. காற்று நுழையாத அறையில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கியவனுக்குப் பொறுப்பில்லை. மருந்து வாங்கி வைக்காத சர்க்காருக்கும் பொறுப்பில்லை. செத்தவன் ஒருவனே குற்றவாளியாகிறான். இப்படி எல்லோருக்கும் சௌகரியமாயிருக்கிற ஒரு புரட்டு லேசில் ஒழியுமா?

இந்தப் புரட்டை வாயால் மறுத்துப் பேசினவர்கள் பலர். வாயால் மறுக்காமல் கணக்கால் மறுத்த ஒரு ஸ்தாபனம் நமது சென்னைப் பட்டணத்திலேயே, சேத்துப்பட்டில் இருக்கிறது. அதன் வேலையைப் பற்றி இன்று எழுத வேண்டியதாயிருக்கிறது. ஏனென்றால், "ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சர்க்கார் பணத்தைச் செலவழித்து இவர்கள் என்ன கண்டுபிடித்துவிட்டார்கள்?" என்று கேட்கிறவர்கள் நமது கூட்டங்களுக்கு வரும் தோழர்களிலும் சிலர் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. பொதுஜனப் பணம் செலவாகும் இடத்தில் கணக்குக் கேட்பது சுயமரியாதையுள்ளவர்களின் கடமை. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

சானடோரியமும் ஏழையும்

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் க்ஷயரோகத்துக்கு வைத்தியம் என்பது நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு ஆகிய மூன்றுதான். இந்த மூன்றும் கிடைப்பதற்காக ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். நமது தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவரால் ஏற்படுத்தப்பட்டதாகும். அந்த நாளைக்கு அது நல்ல காரியமே. அதைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆனால் யாருக்கு அது கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் இருந்த நோயாளிகள் பல லட்சம். இருந்த படுக்கைகளோ சில ஆயிரம். படுக்கை கிடைத்தாலும், தினக்கூலி வாங்கிப் பிழைக்கிற ஒரு மூட்டை தூக்கியோ நெசவாளியோ மாதக்கணக்கில் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு படுத்திருந்தால் அவன் பெண்டு பிள்ளைகள் என்ன ஆவது? "ஓய்வெடு, பால் குடி, முட்டை தின்னு" என்று சொல்லப்பட்டதெல்லாம், அன்றாடம் கஞ்சிக்கு வழியில்லாதவன் காதில் பரிகாசமாகத்தானே விழுந்திருக்கும்? பணமுள்ளவன் மதனப்பள்ளி மலைக்காற்றுக்குப் போனான்; பணமில்லாதவன் மயானத்துக்குப் போனான். பிறகு இரண்டையும் சேர்த்துத் தலையெழுத்து என்றார்கள்.

1940-க்கு மேல் நிலைமை மாறிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் வந்தது. பாஸ் என்று சொல்லப்படும் மருந்து வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் என்ற மாத்திரை வந்தது. இந்தக் கடைசி மாத்திரை விலை சரசமானது, வாயால் விழுங்கக் கூடியது. மருந்து கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி நின்றது. இந்த மருந்தைக் குடிசையிலிருக்கிற ஏழைக்குக் கொடுத்தால் குணமாகுமா? அல்லது சானடோரியத்தின் காற்றும் சாப்பாடும் ஓய்வும் கூட இருந்தால்தான் குணமாகுமா?

பெரும்பாலான பெரியவர்கள் "சானடோரியம் இல்லாமல் குணமாகாது" என்றே நினைத்தார்கள். அது சரியென்றால், இந்நாட்டு ஏழை நோயாளிகளில் பெரும் பகுதியார் சாக வேண்டியவர்களே என்று அர்த்தம். ஏனென்றால் அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த சர்க்காராலும் முடிந்திராது. ஆகவே இது ஏதோ டாக்டர்களுக்குள் நடந்த வாதம் அல்ல. பல லட்சம் பேருடைய உயிர் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சீட்டுப் போட்டுப் பார்த்த சங்கதி

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் அதை நடத்தினார். அதுதான் பிற்பாடு 1978-ல் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்றும், 2011-ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறி இன்றும் நடந்து வருகிறது.

அவர்கள் செய்தது என்னவென்றால், சென்னையின் ஏழை ஜனங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியார் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பாதியார் தங்கள் தங்கள் வீட்டிலேயே, அதே நெரிசலிலே, அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். இரு பாதியாருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை எப்படித் தீர்மானித்தார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். டாக்டர் முகம் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சிபார்சு பார்த்துத் தீர்மானிக்கவில்லை. ஜாதி, பணம், நோயின் கடுமை எதையும் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி, யார் விருப்பத்துக்கும் இடமில்லாமல் தீர்மானித்தார்கள். நம்மவர்களும் கோயிலில் பூக்கட்டி வைத்து, சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் சீட்டுப் போடுவது சாமியின் இஷ்டத்தைத் தெரிந்துகொள்வதற்காக. இவர்கள் சீட்டுப் போட்டதோ எந்த ஆசாமியின் இஷ்டமும் உள்ளே நுழையாமலிருப்பதற்காக. ஒரே சீட்டுத்தான். ஒன்று புத்தியை மூடுகிறது, மற்றொன்று புத்தியைக் காப்பாற்றுகிறது.

இது எதற்கு என்று கிராமத்துத் தோழர்கள் கேட்டால், வயலை வைத்தே சொல்லுகிறோம். ஒரு புது எருவைப் பரீட்சை பார்க்கிறவன், வாய்க்கால் ஓரத்து நல்ல வயலில் அந்த எருவைப் போட்டுவிட்டு, மேட்டுப் பக்கத்து உவர் நிலத்தில் பழைய எருவைப் போட்டு, "பார், என் எருவின் மகிமையை!" என்றால் அதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? விளைந்தது எருவினாலா, வயலினாலா என்று கேட்க மாட்டீர்களா? மனிதர் விஷயத்திலும் அப்படியே. தெம்புள்ளவர்களை ஒரு பக்கமும் குற்றுயிராயிருப்பவர்களை மறு பக்கமும் வைத்துவிட்டு எந்த வைத்தியத்தையும் பெரிதாகக் காட்டிவிடலாம். "அந்தச் சாமியாரிடம் விபூதி வாங்கினவன் பிழைத்தான்" என்கிற கதைகளெல்லாம் இப்படிக் கட்டப்பட்டவைதானே? பிழைத்தவன் ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுகிறான். விபூதி வாங்கிச் செத்தவன் எங்கே வந்து சாட்சி சொல்லுவான்?

முடிவு என்ன ஆயிற்று? ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இது 1959-ல் வெளியாயிற்று. "92 பெரிதா, 86 பெரிதா?" என்று சிலர் கேட்கலாம். இவ்வளவு பேரை வைத்துப் பார்க்கும்போது நாலைந்து பேர் இப்படியும் அப்படியும் போவது தற்செயலாகவே நேரக்கூடியது. அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. ஐந்து வருஷம் வரையில் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அப்பொழுதும் இரு தரத்தாருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் காணவில்லை. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் எடையில் மட்டும் கூடுதலாக ஏறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைந்த சாப்பாடு சாப்பிட்டார்கள், அதிக வேலை செய்தார்கள். அப்படியிருந்தும் மருந்து அவர்களைக் கைவிடவில்லை.

தோழர்களே! இந்த இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம்? அதுவரையில் படுக்கை கிடைக்காததனாலேயே சாவு நிச்சயம் என்று ஒதுக்கப்பட்ட குடிசைவாசி, பங்களாவாசியைப் போலவே பிழைக்கத் தகுந்தவன் என்று அர்த்தம். உலகத்திலுள்ள ஏழை நாடுகள் பலவும் சானடோரியம் கட்டுகிற எண்ணத்தை விட்டு, வீட்டிலேயே மருந்து கொடுக்கிற முறைக்கு வந்ததற்கு இந்தச் சென்னைப் பரீட்சை முக்கிய காரணம். இந்தியாவிலும் 1962-ல் தேசிய க்ஷயரோகத் திட்டம் இந்த அடிப்படையிலேயே ஏற்பட்டது.

தனித் தட்டு, தனி டம்ளர்

இன்னொரு சங்கதியும் அப்பொழுதே பரீட்சிக்கப்பட்டது. "நோயாளியை வீட்டில் வைத்தால் வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளாதா?" என்பது பெரிய ஆட்சேபணையாயிருந்தது. நியாயமான பயம்தான். ஆகவே அதையும் எண்ணிப் பார்த்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும், சானடோரியத்துக்குப் போனவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் வருஷக்கணக்கில் சோதித்து வந்தார்கள். நோயாளி வீட்டிலிருந்த காரணத்தினால் அந்தக் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக வரவில்லை என்று தெரிந்தது. ஏனென்றால், ஆபத்தெல்லாம் நோய் இன்னதென்று தெரியாமல், மருந்து தொடங்காமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோயைப் பரப்பும் சக்தி சீக்கிரத்தில் குறைந்துவிடுகிறது.

இதை நம்மவர்கள் எவ்வளவு பேர் அறிவார்கள்? வீட்டில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், மருந்து தொடங்கி எத்தனை மாதமானாலும் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்புறத்தில் தனிப் பாய். மனிதனை மனிதன் தள்ளி வைத்துத் தனி டம்ளர் கொடுத்துப் பழகிய நாட்டுக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை அல்லவே! நோய் டம்ளரில் இல்லை, தட்டில் இல்லை. மருந்தில்லாத இருமலில் இருக்கிறது. அந்த இருமலுக்கு மருந்து கொடுப்பதை விட்டு டம்ளரைப் பிரித்து வைத்து என்ன பயன்?

சென்னை ஆராய்ச்சி நிலையத்தார் 304 நோயாளிகளை விசாரித்து 1999-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்த நோயினால் ஒரு நோயாளிக்குச் சராசரி 83 நாள் வேலை போயிற்று. நோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 15 பேர் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை விட்டார்கள். இன்னும் 8 பேர் குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குப் போனார்கள். கிருமி புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒன்றுதான். ஆனால் புருஷனுக்கு வந்தால் பெண்சாதி தாலியை விற்று மருந்து வாங்குகிறாள். பெண்சாதிக்கு வந்தால் அவளைத் தாய் வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடுகிறான். இதுவும் கிருமி செய்கிற காரியமா? அல்லது நமது யோக்கியதையா?

ஏழையை நம்பலாமா?

வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்று தெரிந்தவுடன் வேறொரு கூட்டம் கிளம்பிற்று. "இந்தப் படிப்பில்லாத ஜனங்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா? இரண்டு மாதத்தில் இருமல் நின்றால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்" என்றார்கள். முதலில் நோய்க்குக் காரணம் கர்மம் என்றார்கள். இப்பொழுது குணமாகாததற்குக் காரணம் ஏழையின் புத்தியீனம் என்கிறார்கள். பழி போய்ச் சேருகிற இடம் மட்டும் மாறவேயில்லை.

இந்த நிலையத்தார் இதையும் வாய்ப்பேச்சாக விடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து சாப்பிடத் தவறுகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். படித்தவர்களும் தவறுவார்கள், நமது வக்கீல்களையும் பிரபுக்களையும் ஒரு வருஷம் தினம் தவறாமல் மாத்திரை விழுங்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆகவே "தவறுகிறான்" என்று திட்டிவிட்டு உட்காராமல், தவறாமலிருக்க வழி என்ன என்று யோசித்தார்கள். தினமும் மருந்து என்பதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு நாள் மட்டும், சிகிச்சை கொடுப்பவர் கண்முன்னால் மருந்து சாப்பிடுகிற முறையைப் பரீட்சித்து, அதுவும் நன்றாக வேலை செய்கிறது என்று 1964-ல் வெளியிட்டார்கள். நேரில் பார்த்து மருந்து கொடுக்கிற முறை பின்னர் உலகமெங்கும் பரவிற்று.

இந்த முறையிலும் குறை இல்லாமலில்லை. கூலிக்காரனை வேலை நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் காக்க வைத்து, அரை நாள் கூலியைப் பிடுங்கிக்கொண்டு, "இலவச மருந்து" என்று பெயர் வைத்தால் அது இலவசமாகுமா? மருந்து ஏழையின் வேலைக்கும் நேரத்துக்கும் தக்கபடி அவனிடம் வர வேண்டுமே தவிர, அவன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு மருந்துக்குப் பின்னால் அலையக்கூடாது.

சோறும் மருந்தும்

நிற்க. ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். "நல்ல சாப்பாடு இல்லாமலே குணமாகும் என்று சென்னையிலேயே ரூபித்துவிட்டார்களே, ஆகவே ஏழைக்குச் சோற்றைப் பற்றி என்ன பேச்சு?" என்று சொல்லிச் செலவைச் சுருக்கப் பார்க்கிற புத்திசாலிகள் உண்டு. 1959 பரீட்சை சொன்னது இது அல்ல. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவனுக்குச் சானடோரியச் சாப்பாடு இல்லாவிட்டாலும் நோய் அடங்கும் என்பதுதான் அது சொன்னது. பட்டினி கிடக்கிறவனுக்கு நோய் வராது என்று அது சொல்லவில்லை. கிணற்றில் விழுந்தவனைக் கயிறு கொண்டு தூக்கலாம் என்பது வேறு. கிணற்றுக்குச் சுவர் வேண்டாம் என்பது வேறு.

கிருமி நுழைந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோருக்கு அது உள்ளே தூங்கிக் கிடக்கிறது. உடம்பு மெலிந்தால் அது விழித்துக்கொள்ளுகிறது. அப்படியானால் வயிற்றுக்குச் சோறு போட்டால் நோய் வருவது குறையுமா? இதற்கும் சீட்டுப் போட்டுப் பதில் பார்த்தார்கள். ஜார்க்கண்ட் மாகாணத்தில் 2019 முதல் 2022 வரையில், சேத்துப்பட்டு நிலையமும் சேர்ந்து நடத்திய பரீட்சையில் 2,800 நோயாளிகளும், அவர்களுடைய குடும்பத்தார் 10,345 பேரும் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் எல்லோருக்குமே மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. குடும்பத்தாரில் ஒரு பிரிவாருக்கு மட்டும் ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். தங்க பஸ்பம் இல்லை, யாகம் இல்லை, அரிசியும் பருப்பும். 2023-ல் முடிவு வெளியாயிற்று. அரிசி பருப்பு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குப் பரப்பக்கூடிய கடுமையான வகை நோய் நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது.

இப்பொழுது சொல்லுங்கள்: ஐந்து கிலோ அரிசிக்கும் ஒன்றரைக் கிலோ பருப்புக்கும் பயந்து ஓடுகிற கர்மம் என்ன கர்மம்? பருப்பைக் கண்டதும் சனி இறங்கிவிட்டானா? தலையில் எழுதினவன் அந்த அரிசி மூட்டையைப் பார்த்துத்தான் அழித்து எழுதினானா? பாதி அளவு நோயை அரிசி பருப்பு தடுக்கிறது என்றால், அந்தப் பாதி நோய்க்கு உண்மைப் பெயர் பசி என்பதுதானே? பசிக்குக் காரணம் யார் என்று கேட்கிற கேள்வி அடுத்தபடி வந்துவிடுகிறது. அது வரக்கூடாது என்பதற்காகத்தான் கர்மம் என்ற பூட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சர்க்கார் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் சாப்பாடு நோயாளிக்கு மட்டும் போதாது, அவன் வீட்டிலுள்ளவர்களுக்கும் வேண்டும் என்றல்லவா இந்தக் கணக்கு சொல்லுகிறது? வீட்டு ஜனம் முழுவதையும் எண்ணிக் கொடுக்காமல் ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால், அவன் அதைத் தன் பிள்ளைகள் முன்னால் தனியே உட்கார்ந்து தின்பானா?

தோல்வியை அச்சிட்டவர்கள்

"உங்கள் விஞ்ஞானிகளும் தவறு செய்கிறவர்கள்தானே?" என்று வைதீகர்கள் கேட்பார்கள். ஆம், செய்கிறவர்கள்தான். அதற்கும் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. க்ஷயரோகம் வராமல் தடுப்பதற்கென்று பி.சி.ஜி. என்ற ஊசி குத்துகிறார்கள். அது எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று பார்ப்பதற்காக 1968-ல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலார் அந்த ஜில்லாவில் பெரிய பரீட்சை ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். உலகத்திலேயே இவ்வளவு பெரிய பி.சி.ஜி. பரீட்சை நடந்ததில்லை. பெரிய நம்பிக்கையோடு தொடங்கினார்கள். ஆனால் பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் க்ஷயத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதை ஒளிக்காமல் 1979-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதோடு நில்லாமல் பதினைந்து வருஷம் வரையிலான கணக்கையும் பார்த்து, மறுபடியும் அதையே 1999-ல் சொன்னார்கள். சிறு குழந்தைகளுக்கு மூளையில் வருகிற கடுமையான க்ஷயத்தைத் தடுக்கப் பயன்படுகிறது என்பதனால் அந்த ஊசி இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று எல்லை கட்டிச் சொல்லிவிட்டார்கள்.

இதற்குத்தான் நாம் தலை வணங்குகிறோம். ஊசி குத்தினவர்களே, அந்த ஊசி நினைத்தபடி பலிக்கவில்லை என்று தாங்களே எண்ணி, தாங்களே அச்சிட்டு வெளியிட்டார்கள். வேறு எந்த மந்திரக்காரனாவது, எந்த மடாதிபதியாவது, எந்தக் கயிறு கட்டுகிறவனாவது "என் கயிறு இத்தனை பேருக்குக் கட்டினேன், இத்தனை பேர் பிழைத்தார்கள், இத்தனை பேர் செத்தார்கள், கட்டாதவர்களிலும் இவ்வளவு பேர் பிழைத்தார்கள், ஆகவே என் கயிற்றில் ஒன்றுமில்லை" என்று எந்தக் காலத்திலாவது எழுதி வைத்ததுண்டா? உண்டென்றால் கொண்டுவரட்டும், பார்க்கத் தயாராயிருக்கிறோம். தவறு செய்யாததனால் விஞ்ஞானம் உயர்ந்ததல்ல. தன் தவறைத் தேடிப் பிடிக்கத் தானே ஆள் வைத்திருப்பதனால் உயர்ந்தது.

நமது கோரிக்கை

இவ்வளவு சொன்னதனால் இந்த நிறுவனத்தைக் கோயிலாக்கிக் கும்பிட்டு உட்காருங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆராய்ச்சி அச்சுப் புஸ்தகத்திலேயே இருந்துவிட்டால் ஒரு உயிர்கூடப் பிழைக்காது. க்ஷயத்தை 2025-க்குள் நாட்டைவிட்டு ஒழித்துவிடுவதாக 2018-ல் தில்லியில் பெரிய மகாநாடு கூட்டிப் பறைசாற்றினார்கள். 2023-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 28 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாக வந்ததென்றும், மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. உலகத்து நோயாளிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு தேசத்திலே! 2024 மார்ச்சில் மருந்தே தட்டுப்பட்டு, அங்கங்கே வாங்கிக்கொள்ளும்படி மத்திய சர்க்கார் மாகாண சர்க்கார்களுக்கு எழுத வேண்டி வந்தது. மருந்து தவறாமல் சாப்பிட வேண்டும் என்று ஏழைக்கு உபதேசம் செய்கிறவர்கள், மருந்து தவறாமல் வைத்திருக்க வேண்டாமா? ஏழை ஒரு வேளை தவறினால் "ஒழுங்கீனன்" என்று பெயர். சர்க்கார் மாதக்கணக்கில் தவறினால் அதற்கு என்ன பெயர்?

நல்லதும் நடக்காமலில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரின் துணையோடு ஒரு முறை நடந்து வருகிறது. நோய் என்று தெரிந்தவுடனேயே நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு வாங்கும் வேகம், பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்ற நாலைந்து விஷயங்களைப் பார்த்து, ஆபத்திலிருப்பவரைப் பிரித்து உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கவனித்துப் பார்க்கிற கண்ணும், எழுதிவைக்கிற கையும் போதும். வீட்டிலேயே குணமாகக் கூடியவர் யார், படுக்கை அவசியமானவர் யார் என்று பிரிக்கிற இந்த வேலை, 1956-ல் தொடங்கிய கேள்வியின் மிச்சம்தான்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மருந்து ஒரு நாளும் தட்டுப்படக் கூடாது. நோயாளி வீட்டார் எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட வேண்டும். நோயாளி வேலையிழந்த நாட்களுக்குக் கூலி ஈடு செய்யப்பட வேண்டும். ஆராய்ச்சி முடிவுகள் பாமர ஜனங்களுக்குப் புரிகிற தமிழில், ஊர் ஊராகச் சொல்லப்பட வேண்டும். அவர்கள் உடம்பை வைத்துச் செய்த ஆராய்ச்சி அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது அக்கிரமம்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஜோசியர் வீட்டுக்கு வழி காட்டாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சாதாரண வகை நோய்க்கு ஆறு மாதம் மருந்து. நடுவில் இருமல் நின்றுவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. அந்த ஆறு மாதமும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். கர்மம் பேசுகிறவர் அங்கே வந்தால், துண்டால் மூக்கைப் பொத்துவதற்கு முன் நாம் மேலே கேட்ட கேள்விகளை அவரிடம் கேளுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.